ஆக்கும்

1986 ஜூன் மாதம். நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் ஒரு டிரங்குப் பெட்டியும் சுருட்டிய பாயுமாக நின்றுகொண்டிருந்தேன். காலையிலிருந்தே மழை. வங்கி வேலையில் எனக்கு அது முதல் மாற்றல். ஊர் குளச்சல் என்று உத்தரவில் இருந்தது. அதற்கு முன் நான் மதுரைக்குத் தெற்கே போனதில்லை.

படியில் நின்றிருந்த கண்டக்டரிடம், "இது குளச்சல் போகுமா?" என்று கேட்டேன்.

"குளச்சல் வண்டியாக்கும்."

ஒரு காலை மேலே வைத்திருந்தவன் இறங்கிவிட்டேன். வண்டி எங்கே போகிறது என்று கண்டக்டருக்கே நிச்சயமில்லை என்றால் பெட்டி படுக்கையோடு அதில் ஏறுவது எப்படி? அரை மணி கழித்து இன்னொரு பஸ் வந்தது. இந்த முறை டிரைவரையே கேட்டேன். "குளச்சலாக்கும். ஏறும்" என்றார். அவருக்கும் சந்தேகம்! அதையும் விட்டேன். பக்கத்தில் மட்டிப்பழக் குலைகளைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர் என்னைக் கொஞ்ச நேரமாகக் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"எங்க போணும்?"

"குளச்சல்."

"ரெண்டு வண்டி போச்சே. பாத்துக்கிட்டுத்தானே நின்னீரு?"

என்ன பதில் சொல்வது? கும்பகோணத்துக்குப் பக்கத்தில், அரசலாற்றங்கரை ஊர் ஒன்றில் வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் 'ஆக்கும்' என்றால் ஊகம். கண்ணால் பார்க்காததை, காதில் விழுந்ததையோ வழக்கமாக நடப்பதையோ வைத்து, இப்படித்தான் இருக்கும் என்று சொல்லும்போது வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொள்ளும் சொல். கண் மங்கிய பிறகு என் அப்பாயி திண்ணையில் உட்கார்ந்து தெருவைக் காதாலேயே பார்ப்பாள். சலங்கைச் சத்தம் கேட்டால், "மேலத்தெரு வண்டியாக்கும்" என்பாள். செருப்பு தேயும் சத்தம் வந்தால், "வாத்தியார் வீட்டுக்குப் போறாராக்கும்." வண்டி எதிரே வந்து நின்று, வண்டிக்காரர் "நான்தான் ஆயி" என்று குரல் கொடுத்துவிட்டால் ஆக்கும் போய்விடும். அதற்குப் பிறகு அது வெறும் மேலத்தெரு வண்டிதான்.

அதே சொல்லைத் தாத்தாவிடம் வேறு மாதிரி வீசுவாள். கோர்ட்டுக்குப் போய் வாய்க்கால் தகராறைத் தீர்த்துவிட்டு வருகிறேன் என்று அவர் கிளம்பினால், "இவரு போய் நின்னவுடனே ஜட்ஜு எழுந்து நாற்காலி போடுவாராக்கும்" என்பாள். அங்கே அது ஊகமில்லை. தாத்தாவின் மனதில் இருக்கும் ஊகத்தை எடுத்து வெளியே போட்டுக் காட்டுவது.

பள்ளிக்கூடம் போகாத அப்பாயி, ஒரு செய்தி தனக்கு எந்த வழியில் வந்தது என்பதில் வெகு கறார். பார்த்திருந்தால் 'வந்தான்'. யாராவது சொல்லியிருந்தால் 'வந்தானாம்'. வாசலில் செருப்பு கிடந்தால் 'வந்தான் போல'. செருப்பும் இல்லை, சொன்னவரும் இல்லை, ஆனால் வருகிற நேரம்தான் என்றால் 'வந்திருப்பான்', இல்லாவிட்டால் 'வந்தானாக்கும்'. வினை முடியும் இடத்திலேயே சாட்சியையும் நிறுத்திவிடுவாள். சைவ சித்தாந்தத்தில் அறிவு வரும் வழிகளுக்கு அளவை என்று பெயர் வைத்து, காண்டல், கருதல், உரை என்று மூன்றாகச் சொல்வார்கள். மணிமேகலையில் அறவண அடிகள், புகையைக் கண்டு மலையில் நெருப்பு உண்டென்று கொள்ளும் கணக்கை மணிமேகலைக்குச் சொல்லித் தருகிறார். இதையெல்லாம் பின்னாளில் படித்தபோது எனக்கு அப்பாயியின் திண்ணைதான் ஞாபகம் வந்தது. வந்தான், வந்தான் போல, வந்தானாம். மூன்று அளவையும் அங்கேயே இருந்தன.

அகராதியில் இன்னொரு வேடிக்கை. 'ஊகம்' என்று தேடினால் கருங்குரங்கு வரும். சங்க நூல்களிலும் ஊகம் என்ற பெயரில் அந்தக் குரங்கு உண்டு. நாம் சொல்லும் ஊகம் வடமொழி 'ஊஹ'விலிருந்து வந்தது. இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனால் குளச்சலில் நான் செய்த காரியத்துக்கு எந்த ஊகம் பொருத்தம் என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

அங்கே போன புதிதில் நான் வங்கியாளர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். சி.ஏ.ஐ.ஐ.பி. பாஸ் செய்தால் இன்கிரிமெண்ட் உண்டு. மற்ற தாள்கள் கசந்தன. சட்டத் தாள் மட்டும் கதைப் புத்தகம் போல ஓடியது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், நீதிமன்றம் ஒன்றை எப்போது ஊகித்துக்கொள்ளலாம், எப்போது ஊகித்துக்கொண்டே ஆகவேண்டும், எப்போது மறுபேச்சே கிடையாது என்று படிப்படியாகப் பிரித்து வைத்திருந்தது. அதில் 107, 108 என்று அடுத்தடுத்து இரண்டு பிரிவுகள். முப்பது வருடத்துக்குள் உயிரோடு இருந்ததாகத் தெரிந்த ஒருவர் இறந்துவிட்டார் என்று சொன்னால், சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால், அவர் உயிரோடு இருந்தால் இயல்பாகவே யாருக்குத் தகவல் வந்திருக்குமோ அவர்களுக்கு ஏழு வருடமாக எந்தத் தகவலும் இல்லையென்றால் சுமை மாறிவிடும். உயிரோடுதான் இருக்கிறார் என்று சொல்கிறவர் நிரூபிக்க வேண்டும். ஒரே மனிதர், இரண்டு ஊகம், நடுவில் ஏழு வருடம். எனக்கு அது பிரமாதமாகப் பட்டது. இந்தச் சட்டத்தை எங்காவது ஓரிடத்தில் பயன்படுத்திவிட வேண்டும் என்று இருந்தது. இருபத்தாறு வயது.

ஜூலையில் ஒரு நாள், பதினொரு மணி இருக்கும். கவுண்டரில் ஓர் அம்மா வந்து நின்றார். கடற்கரைக்காரர். கழுத்தில் ஜெபமாலை, கையில் மஞ்சப்பை. பாஸ்புக்கை என் முன்னால் வைத்தார். அதன் அட்டை ஈரத்தில் ஊறிப் பிறகு காய்ந்து அப்பளம் போல வளைந்திருந்தது.

"சாறே, இது எனக்க வீட்டுக்காரருக்க புக்காக்கும். அவரு மரிச்சாராக்கும். இதுல கெடக்க பைசா எடுக்கணும்."

'மரிச்சார்' புரிந்தது. 'ஆக்கும்' அதைவிட நன்றாகப் புரிந்துவிட்டது. கடல் பொங்கும் மாதம். வள்ளம் கவிழ்ந்தது, கட்டுமரத்தோடு ஆளைக் காணோம் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டே இருக்கும். புருஷன் கடலுக்குப் போயிருக்கிறான், திரும்பவில்லை, செத்திருப்பான் என்று இந்த அம்மா நினைக்கிறார். ஒரு நொடியில் முழுக் கதையும் எனக்குள் கட்டி முடிந்துவிட்டது.

"இறந்துட்டாரா இல்லையான்னு உங்களுக்கே நிச்சயமா தெரியாதாம்மா?" என்று கேட்டேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பேச்சும் இல்லை. பேசாமல் நின்றதும் என் கதைக்கு வாகாகத்தான் இருந்தது.

"இப்படி வந்து நீங்க நெனச்சுக்கிறத வெச்சு நாங்க பணம் குடுக்க முடியாது. சட்டப்படி ஏழு வருஷம் ஆகணும்."

"ஏழு வருசமா?"

"ஏழு வருஷம். அப்புறம் கோர்ட்டுல ஒரு உத்தரவு வாங்கணும்."

"அதுவரைக்கும் பைசா?"

"இங்கயே பத்திரமா இருக்கும். வட்டியும் சேரும்."

கடைசியாகச் சொன்னது ஆறுதலுக்காக. அவர் பாஸ்புக்கை எடுத்து, முந்தானையால் அட்டையை ஒருமுறை துடைத்து, பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அன்று முழுவதும் ஒரு நிறைவு. பக்கத்து சீட்டுக்காரரிடம் பிரிவு எண்ணோடு சொல்லிக் காட்டினேன். அவர் லெட்ஜரிலிருந்து தலையைத் தூக்காமல் "ஓ" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் கதவு திறந்ததும் ஒரே கிராமத்திலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். எல்லாருடைய கையிலும் பாஸ்புக். எல்லாருக்கும் மொத்தப் பணமும் வேண்டும். செவ்வாய்க்கிழமை இன்னும் கொஞ்சம் பேர். பணம் எடுக்கும் சீட்டு தீர்ந்துபோய் நாகர்கோவிலுக்கு ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. கல்யாணமா, வள்ளம் வாங்குகிறார்களா, கோயில் திருவிழாவா என்று மேனேஜர் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார். யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தபால் ஆபீஸ்காரர்கள் ஏதோ தூண்டிவிட்டிருக்கிறார்கள் என்று அவர் ஒரு முடிவுக்கு வந்தார். அதுவும் ஊகம்தான். அந்த வாரம் அந்தக் கிளையில் நிச்சயமாகத் தெரிந்து பேசியவர் யாருமில்லை.

புதன்கிழமை அந்த ஊர்ப் பங்குத்தந்தை வந்தார். குடையை மடக்கிக் கதவோரம் சாய்த்துவிட்டு நேராக மேனேஜர் அறைக்குள் போனார். அறைக்குத் தடுப்பு அரை ஆள் உயரம்தான். பேசுவதெல்லாம் வெளியே கேட்கும்.

"செத்தவங்க பணத்த ஏழு வருசம் பிடிச்சு வைப்பீங்களாமே? புதுச் சட்டமா?"

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். போய் நின்றேன். என்ன நடந்தது என்று சொன்னேன். 108ஐயும் சொன்னேன். பாதிரியார் கடைசிவரை குறுக்கே பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்:

"அவரக் காணோம்னு யாரு உங்களுக்குச் சொன்னா?"

"அந்த அம்மாதான் ஃபாதர்."

"அவ அப்படிச் சொல்லமாட்டா. ஆஸ்பத்திரியிலதான் செத்தாரு. மஞ்சக்காமாலை. நானாக்கும் அடக்கம் பண்ணினது."

நானாக்கும். யாரை அடக்கம் செய்தோம் என்று ஒரு பாதிரியார் ஊகிக்க மாட்டார். முதலில் அதுதான் உறைத்தது. அது உறைத்ததும் மற்றவையெல்லாம் பின்னாலேயே வந்தன. குளச்சலாக்கும் என்ற டிரைவருக்கு எந்தச் சந்தேகமும் இருந்திருக்கவில்லை. தினமும் சாயா வாங்கிக்கொண்டு வந்து வைக்கும் எங்கள் தப்தரி, "சூடாக்கும், பாத்துக் குடியும்" என்பாரே, அவர் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு அது சூடா இல்லையா என்று யோசிக்கவில்லை. எல்லாவற்றையும்விட அந்த அம்மாவின் முதல் வாக்கியம். 'இது எனக்க வீட்டுக்காரருக்க புக்காக்கும்.' கையில் இருக்கிற பாஸ்புக் யாருடையது என்று யாராவது ஊகிப்பார்களா? ஒரே மூச்சில் இரண்டு ஆக்கும் வந்திருக்கிறது. முதலாவதைக் கேட்டிருந்தால் இரண்டாவது தானே விளங்கியிருக்கும். நான் கேட்டது எனக்குத் தேவையான ஒன்றை மட்டும்.

மேனேஜர் திட்டவில்லை. வேறு யாராவதாக இருந்தால் மெமோ வந்திருக்கும். அந்த அம்மாவுக்கு ஆள் அனுப்பச் சொன்னார். பணம் எடுத்துக்கொண்டு போனவர்களின் பட்டியலை என்னிடம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பாதிரியாரோடு நின்று ஒவ்வொருவரிடமும் நானே விளக்க வேண்டும் என்றார். நின்றேன். அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. வெயில், மணல், முகத்தைப் பார்க்காமல் தலையாட்டிவிட்டுப் போன மனிதர்கள். பாதிப் பேர் திரும்பப் பணம் போட்டார்கள். மற்றவர்கள் போடவே இல்லை.

அந்த அம்மா வெள்ளிக்கிழமை வந்தார். இந்த முறை கவுண்டரில் நிற்க வைக்காமல் உள்ளே நாற்காலி போட்டோம். மஞ்சப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். ரேஷன் கார்டு, இரண்டாக மடித்த இறப்புச் சான்றிதழ், கட்டுமரத்தின் பக்கத்தில் நின்று எடுத்த ஒரு போட்டோ. சான்றிதழில் ஜூன் மாதத் தேதி.

"இத அப்புறம் வாங்கினீங்களாம்மா?"

"இல்ல சாறே. அன்னைக்கும் கொண்டுதான் வந்தேன்."

"ஏன் காட்டல?"

"நீங்க கேக்கல்லியே."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். ஆபீஸில் ஒன்று கேட்டால் காட்ட வேண்டும், கேட்காவிட்டால் காட்டக்கூடாது. சட்டம் ஏழு வருடம் என்றால் ஏழு வருடம்தான். அவர் என்னைப் பற்றிச் செய்துகொண்ட ஊகம் அது. நான் விஷயம் தெரிந்து பேசுகிறவன் என்று நினைத்துவிட்டார்.

கணக்கில் இருந்தது இரண்டாயிரத்துச் சொச்சம். வங்கிக் கணக்குக்கு நாமினி எழுதும் வசதி 1985இல்தான் வந்தது. அவருடையது அதற்கு முந்தைய கணக்கு. ஆகவே வாரிசுச் சான்றிதழ், உறுதிமொழிப் பத்திரம், இரண்டு ஜாமீன்தாரர் என்று மூன்று வாரம் இழுத்தது. ஜாமீன் கையெழுத்தில் ஒன்று பாதிரியாருடையது. தாலுகா ஆபீஸுக்கு இரண்டு தடவை நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வருவார். ஒரு தடவை மட்டும், "சாறுக்கு எந்த ஊராக்கும்?" என்று கேட்டார். கேள்வியிலும் ஆக்கும் வரும் என்று அன்றுதான் கவனித்தேன்.

ஏன் அந்தப் பக்கம் மட்டும் சொல் இப்படித் திரும்பிக்கொண்டது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். 'ஆகும்' என்பதுதான் அழுத்தம் கூடி 'ஆக்கும்' ஆகியிருக்க வேண்டும். 'இது என் வீடு ஆகும்' என்று பாடப்புத்தகம் எழுதினால் செயற்கையாக இருக்கிறது. குளச்சல்காரர் 'இது எனக்க வீடாக்கும்' என்று அதையே உயிரோடு பேசுகிறார். மலையாளத்தில் வாக்கியத்துக்கு வாக்கியம் 'ஆணு' வந்து உட்காருகிறதே, அந்த இடத்தில் தமிழ் நாக்கு இதை உட்கார வைத்திருக்கலாம். 1956 நவம்பர் 1 வரை அது திருவிதாங்கூர் – கொச்சி மாநிலத்தில் இருந்த பகுதிதானே. எங்கள் பக்கமோ இந்தச் சொல் 'ஆகும்' என்பதிலுள்ள வருங்காலத்தைப் பிடித்துக்கொண்டது. நாளை நடக்கப்போவது இன்று ஊகம்தான். 'அங்கே விளக்கு எரியும்' என்றால் எரியப் போகிறது, வழக்கமாக எரிகிறது, எரிந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன், மூன்றும் ஆகலாம். ஒரே விதை, ஆற்றங்கரையில் ஒன்றாகவும் கடற்கரையில் ஒன்றாகவும் முளைத்துவிட்டது. இதற்கு மேல் எனக்கு ஆதாரம் கிடையாது. மொழியியல் படித்தவர்கள் கேட்டால் சிரிப்பார்களாக்கும். (கும்பகோணத்து ஆக்கும்.)

பழைய தமிழில் ஐயத்துக்கென்றே 'கொல்' என்று ஓர் இடைச்சொல் இருந்தது. தொல்காப்பியம் அதை இடையியலில் வைத்துப் பொருள் சொல்கிறது. ஆணோ பெண்ணோ தேவதையோ என்று மயங்குகிற இடத்தில் எல்லாம் கொல் வரும். அதை நாம் தொலைத்துவிட்டோம். 'போலும்' மேடைக்கும் கட்டுரைக்கும் போய்விட்டது. கோயம்புத்தூர்க்காரர்கள் 'வந்துட்டானாட்ட இருக்குது' என்று சொல்லி ஊகத்தை அழகாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். புதிதாக எழுதுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் 'அநேகமாக' போடுகிறார்கள். அது வாக்கியத்தின் முன்னாலேயே வந்து நின்று எச்சரித்துவிடுகிறது. ஆக்கும் அப்படியில்லை. முழுவதும் சொல்லி முடித்து, கேட்கிறவன் நம்பத் தொடங்கிய பிறகு கடைசியில் வரும். எங்கள் ஊரில் ஒரு கதவைத் திறந்துவைக்க. குளச்சலில் தாழ் போட.

நான் நான்கு வருடம் அங்கே இருந்தேன். சட்டத் தாளில் தேறினேன். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சாட்சியச் சட்டம் போய் பாரதிய சாக்ஷிய அதினியம் வந்துவிட்டது. பெயரும் எண்ணும் மாறின. ஏழு வருடம் அப்படியேதான் இருக்கிறது.

1990இல் மாற்றலாகி வீட்டுக்கு வந்த அன்று இரவு மணி பத்துக்கு மேல். வழியில் திருச்சியில் இறங்கி நன்றாகச் சாப்பிட்டிருந்தேன். அப்பாயி அப்போது இல்லை. அம்மா அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள்.

"வேண்டாம்மா. நான் சாப்பிட்டாச்சாக்கும்."

அம்மா திரும்பிப் பார்த்தாள். கையில் தீப்பெட்டி.

"என்னது?"

"சாப்பிட்டாச்சாக்கும்னேன்."

"சாப்பிட்டியா இல்லையான்னு உனக்கே ஞாபகம் இல்லையா? கால் கழுவிட்டு வா" என்று சொல்லிவிட்டு இலையைப் போட்டாள். சாதமும் மிளகு ரசமும் சுட்ட அப்பளமும். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டேன்.